அக்னிவீர் பசங்களை நேர்ல பாத்துப் பேசினவங்க உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

போன மாசம் காட்பாடியில ரயில் ஏறினேன், எதிர் சீட்ல ஒரு தம்பி, ஒட்ட வெட்டின முடி, காலுக்கடியில பச்சை கிட் பேக், பாத்ததுமே ஆர்மின்னு தெரிஞ்சது. அக்னிவீராம், அதான் அக்னிபாத் திட்டத்துல நாலு வருஷத்துக்கு மட்டும் படையில சேர்ந்தவர், லீவு முடிஞ்சு யூனிட்டுக்குத் திரும்பறார். இவங்களுக்கு வருஷத்துக்கு 30 நாள்தான் லீவு, பக்கத்துல நிக்குற ரெகுலர் ஜவானுக்கு 90 நாள், டியூட்டி என்னமோ ஒண்ணுதான். வழி பூரா ஃபோன்ல ரீசனிங் கணக்கு போட்டுட்டே வந்தார். எதுக்கு தம்பின்னு கேட்டேன், "எஸ்ஐ எக்ஸாமுக்குண்ணா, நாலு வருஷம் முடிஞ்சா என்ன பண்றதுன்னு இப்பவே பாக்கணும்ல" அப்படின்னார். பார்டர்ல நிக்க வேண்டிய பையன் மனசு பாதி அடுத்த வேலையில கிடக்குது, எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு.

2022 ஜூன்ல இந்தத் திட்டத்தை அறிவிச்சப்ப படையோட சராசரி வயசை 32லேருந்து 26க்குக் கொண்டுவரணும்னு சொன்னாங்க. மலை உச்சியில டியூட்டி பாக்க இளம் வயசு வேணும்தான், அதை நான் மறுக்கல. ஆனா 100 பேர்ல அதிகபட்சம் 25 பேருக்குத்தான் நிரந்தரம், மீதிப் பேர் சேவா நிதின்னு மொத்தமா குடுக்கிற கிட்டத்தட்ட 11.71 லட்சத்தோட வீட்டுக்கு வரணும், அதுக்கும் மாசாமாசம் அவன் சம்பளத்துல 30% பிடிக்கிறாங்க. பென்ஷன் இல்ல, கேன்டீன் இல்ல, ஆஸ்பத்திரி வசதி இல்ல, எக்ஸ் சர்வீஸ்மேன்ங்கிற பேர்கூட இல்ல. அந்தப் பேரையாவது குடுத்திருக்கலாம்.

---

அண்ணா சொன்னது ரொம்ப சரி. எங்கப்பா ஹவில்தாரா ரிட்டயர் ஆகி வந்தப்ப நான் ஸ்கூல் படிச்சிட்டு இருந்தேன். பென்ஷன் வந்ததால வீட்டுக் கவலை இல்லாம தினம் காலையில ஊர்ப் பசங்களை கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஓட விடுவார், ஒரு பைசா வாங்க மாட்டார், தாலுகா ஆபீஸ்ல மனு குடுக்கணும்னாலும் ஊர்க்காரங்க அவரைத்தான் தேடி வருவாங்க. அவர் மாதிரி ஆளுங்களைப் பாத்துத்தான் எங்க ஊருக்கு ஆர்மின்னா என்னன்னே தெரியும். இருபத்தி நாலு வயசுல திரும்பி வந்து வேலை தேடி அலையற பையனுக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம் இருக்கப் போகுது?

---

நான் பழைய முறையில ஆர்மிக்கு ஆள் எடுக்கற ரேலிக்குப் போனவன். 1.6 கிமீ அஞ்சரை நிமிஷத்துக்குள்ள ஓடி, பீம் (கம்பியில தொங்கி எடுக்கற புல்-அப்ஸ்) பத்து எடுத்து, மெடிக்கலும் பாஸ். ரிட்டன் எக்ஸாம் மட்டும் பாக்கி, கொரோனான்னு தள்ளிப் போயிட்டே இருந்துச்சு, கடைசியில அக்னிபாத் வந்ததும் அந்த எக்ஸாமே கேன்சல், எல்லாம் முதல்லேருந்துன்னுட்டாங்க. அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் வயசை 23 வரைக்கும் தளர்த்தினாங்க, எனக்கு அதுவும் தாண்டிடுச்சு. பீகார்ல பசங்க ரயிலைக் கொளுத்தினது தப்புதான், ஆனா அந்த வயித்தெரிச்சல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

இப்ப என் தம்பி ரெடி ஆகறான். போகாதடான்னு சொல்ல மனசு வரல, சின்ன வயசுலேருந்தே அவனுக்கு அந்த ஆசை. இக்னோ ஓபன் யுனிவர்சிட்டியில அக்னிவீரர்களுக்குன்னே டிகிரி இருக்கு, ட்ரெயினிங்குக்கே பாதி கிரெடிட் குடுக்கறாங்க, சேர்ந்ததும் அதுல பேர் குடுத்துடுன்னு சொல்லியிருக்கேன். யாராவது அதைப் படிச்சிட்டு இருந்தா யூனிட்ல படிக்க நேரம் கிடைக்குதான்னு சொல்லுங்க ப்ளீஸ்.