ஓடும் வண்டியிலிருந்து ஷேக் ஆகாத படம்: யாருக்கு எந்தக் கேமரா கைகொடுத்தது?

மூன்று வருடமாக வண்டி ஓட்டிக்கொண்டே படம் எடுத்து வருகிறேன். முதல் வருடம் எடுத்ததில் முக்கால்வாசி குப்பை. மரமெல்லாம் கோடு கோடாக இருக்கும், சாலை மட்டும் ஏதோ சுமாராகத் தெரியும். அந்தக் குப்பையைக் கிளறித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்களுக்கு நடந்ததையும் சேர்த்துவிடுங்கள்.

ஆரம்பத்தில் என்னிடம் இருந்தது லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா, ஜூம் லென்ஸோடு. கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, சிக்கல் புரிந்துவிட்டது. பைக்கில் ஆக்சிலேட்டர் வலது கையில்; முன் பிரேக்கும் அங்கேதான். கொஞ்சம் ஓய்வாக இருப்பது இடது கை, அதுவும் கிளட்ச் தேவைப்படாத நேர்ச்சாலையில் மட்டும். ஆனால் கேமரா செய்கிறவர்கள் ஷட்டர் பட்டனை வலது பக்கத்தில்தான் வைக்கிறார்கள். இடது கையை வளைத்து அதை அழுத்தப் போனால் ஒன்று விரல் லென்ஸை மறைக்கும், இல்லையென்றால் கேமரா சரியும்.

கேமராவைத் தலைகீழாகப் பிடித்தால் என்ன என்று தோன்றவே பல மாதம் ஆனது. கவிழ்த்துப் பிடித்தால் பிடிமானம் இடது பக்கம் வந்துவிடும். கொஞ்சம் பழகினால் கட்டைவிரலால் பட்டனை அழுத்தலாம். வீட்டுக்கு வந்து படத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு சொடுக்கு போதும். ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கிற கேமராவை அப்படிப் பிடிக்க முடியாது. அதோடு, விழுந்தால் என் நெஞ்சுக்கும் சாலைக்கும் நடுவில் அது இருக்கும் என்கிற நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, பெரிய கேமராவை விட்டாயிற்று. ஆனால் படங்கள் ஷேக் ஆனதற்கு அது காரணமில்லை. எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்கிற ஆட்டோ முறையில் வைத்திருந்தேன், அதுதான் காரணம். நாம் வண்டியில் இருப்பது கேமராவுக்குத் தெரியாது. நின்றுகொண்டு எடுக்கிறோம் என்று நினைத்து, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/125 வினாடி, 1/160 வினாடி என்று அதுவாக வைத்துக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். 1/125 வினாடி ஷட்டர் திறந்திருந்தால் அதற்குள் வண்டி 13 சென்டிமீட்டர் போய்விடுகிறது. 1/1000 என்றால் 1.7 சென்டிமீட்டர். 1/2000 வைத்தால் 8 மில்லிமீட்டர்தான்.

எந்தப் பக்கம் பார்த்து எடுக்கிறோம் என்பது இதைவிட முக்கியம். நேர் எதிரே தூரத்தில் தெரியும் மலை, நாம் நெருங்க நெருங்கக் கொஞ்சம் பெரிதாகுமே தவிர இடம் மாறாது. பக்கத்தில் மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் கம்பமோ சட்டென்று கடந்து போய்விடும். ஆகவே முன்னால் பார்த்து 1/500-இல் எடுத்தாலே தெளிவாக இருக்கிறது. பக்கவாட்டில் 1/2000 வைத்தும் அருகில் இருக்கிற புல்லும் செடியும் இழுபட்டுத்தான் போகின்றன. அந்தக் கம்பத்தோடு மல்லுக்கட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

எனவே அடுத்த கேமராவைத் தேடியபோது மெகாபிக்சல் பக்கமே போகவில்லை. ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, கேமராவே பார்த்துக்கொள்ள விட்டுவிட்டு, 'ஷட்டர் 1/1000-ஐவிட மெதுவாகக் கூடாது' என்று கேமராவிடம் சொல்லி வைக்க முடியுமா என்று மட்டும் பார்த்தேன். இப்போது வைத்திருப்பது ரிக்கோ ஜிஆர் 3. பேட்டரியோடு 257 கிராம். ஜூம் கிடையாது, அகலமாகக் காட்டும் 28 மில்லிமீட்டர் பார்வைக்கோணம் ஒன்றுதான். சட்டைப்பைக்குள் போகிற உடம்புக்குள், பெரிய கேமராக்களில் இருக்கிற ஏபிஎஸ்-சி அளவு சென்சார் இருப்பதால் ஐஎஸ்ஓ ஏறினாலும் படம் தாங்குகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஸ்னாப் ஃபோகஸ். லென்ஸ் திறப்பை எஃப்/5.6 வைத்து, ஃபோகஸ் தூரத்தை 3.5 மீட்டரில் நிறுத்திவிட்டால், இரண்டு மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவு. முன்பெல்லாம் ஆட்டோ ஃபோகஸ் என் வண்டியின் கண்ணாடியையும் கிளட்ச் கேபிளையும் பிடித்துக்கொண்டு சாலையை மங்கலாக்கிவிடும். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

* * *

மேலே எழுதியவர் மாதிரி நான் கையால் எடுக்கிற ஆள் இல்லை. கையை எடுத்தால் எனக்குப் பயம். வண்டியிலோ உடம்பிலோ மாட்டிக்கொள்கிற சின்ன ஆக்‌ஷன் கேமராதான் வைத்திருக்கிறேன், பெயர் வேண்டாம். இந்த வகைக் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

முதலில் ஹேண்டில்பாரில் மாட்டினேன். வீடியோவில் சாலை ஜெல்லி மாதிரி நெளிந்தது. இந்தக் கேமராக்களின் சென்சார் படம் முழுவதையும் ஒரே நொடியில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் எஞ்சின் ஒரு உலுக்கு உலுக்கினால் நேர்க்கோடு வளைந்துவிடும். அப்புறம் பெட்ரோல் டேங்க், நெஞ்சுப் பட்டை, ஹெல்மெட் பக்கவாட்டு என்று எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தேன். கடைசியில் ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் நின்றது. இடுப்பு, முதுகு, கழுத்து என்று மூன்று இடத்தில் உடம்பே அதிர்வை வாங்கிக்கொள்கிறது. அதற்கு ஈடான மவுண்ட்டை நான் கண்டதில்லை. ஒரு விஷயம்: ஹெல்மெட்டில் கேமரா மாட்டுவதைச் சில இடங்களில் சட்டம் அனுமதிப்பதில்லை. உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஏமாந்தது வேறொன்றில். 2018-இல் கோப்ரோ ஹீரோ 7 பிளாக்கில் ஹைப்பர்ஸ்மூத் என்கிற நடுக்கம் குறைக்கும் வசதி வந்ததிலிருந்து, வீடியோ எண்ணெயில் மிதப்பது போல ஓடுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். வீடியோ அப்படித்தான் ஓடுகிறது. அதிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்து நல்ல படமாக்கிவிடலாம் என்று நினைத்தேன். 4கே ஃபிரேம் ஒன்று 8.3 மெகாபிக்சல், போதாதா? நிறுத்திப் பார்த்தால் கலங்கல். நடுக்கம் குறைப்பது என்பது ஃபிரேம்களை ஒன்றோடொன்று நேராக்கி அடுக்குகிற வேலைதான். ஒரு ஃபிரேமுக்குள் ஏற்கெனவே இழுபட்டுப்போனதை அது சரிசெய்யாது. மாலை வெளிச்சத்தில் இது இன்னும் மோசம்: சாலை அசையாமல் இருக்கும், ஆனால் படம் நொடிக்கொரு தடவை தண்ணீரில் விழுந்தது போல மங்கித் தெளியும்.

அதனால் இப்போது இடைவெளி விட்டு ஃபோட்டோ எடுக்கிற முறைதான். இரண்டு வினாடிக்கு ஒன்று. மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் 33 மீட்டருக்கு ஒரு படம், ஒரு மணி நேரத்தில் 1,800 படம். உட்கார்ந்து வேண்டாத படங்களை நீக்குகிற வேலை பெரிய தண்டனை, மறுக்கவில்லை. என் கேமராவில் ஃபோட்டோவுக்கு ஷட்டரை நேரடியாக வைக்க முடியாது. ஆனால் ஐஎஸ்ஓவின் குறைந்தபட்ச அளவை 100-இலிருந்து 400-க்கு ஏற்றினால், அதுவே ஷட்டரை வேகமாக்கிக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குப் புதுக் கேமரா வாங்கியது போல இருந்தது. குரலால் 'படம் எடு' என்று சொல்லும் வசதியும் உண்டு. நிற்கும்போது கேட்கிறது, ஓடும்போது காற்றிரைச்சலில் கத்தினாலும் கேட்பதில்லை.

* * *

நான் ஓட்டுவதில்லை, பின்னால் உட்கார்ந்து எடுப்பவள். இரண்டு கையும் சும்மா இருப்பதால் மேலே எழுதிய இரண்டு பேரையும் விட எனக்குச் சுலபம் என்று நினைப்பீர்கள். பாதி உண்மை.

முதல் பிரச்சினை ஹெல்மெட். வ்யூஃபைண்டர் உள்ள கேமராதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். முழுமுக ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அதில் கண்ணை வைக்கவே முடியாது என்பது வாங்கிய பிறகுதான் உறைத்தது. சரி, பின்திரையைப் பார்த்து எடுக்கலாம் என்றால் கறுப்பு வைசருக்குள்ளிருந்து திரை இருட்டு. கையுறை போட்ட விரலுக்குத் தொடுதிரை பதில் சொல்வதில்லை. வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடையில் கேமராவைப் பார்க்கும்போது ஹெல்மெட்டையும் கையுறையையும் போட்டுப் பாருங்கள். நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இப்போது என்னிடம் இருப்பது சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் ஏழாவது. 24 முதல் 200 மில்லிமீட்டர் வரை ஜூம் உண்டு. ஓடும் வண்டியில் ஜூம் 70 மில்லிமீட்டரைத் தாண்டினால் வீண்வேலை. பெரிதாக்கினால் காட்சியோடு சேர்ந்து நடுக்கமும் பெரிதாகும். ஷட்டரை மட்டும் நாம் வைக்கிற ஷட்டர் முன்னுரிமை முறையில் 1/1600 வைத்து, மூன்று நான்கு படங்களாகத் தொடர்ந்து அழுத்துவேன். ஒன்றாவது உருப்படியாக இருக்கும்.

உட்காரும் விதத்தைத்தான் நான் கேமராவுக்கு மேலே வைப்பேன். முழங்கையை ஓட்டுபவரின் முதுகில் ஊன்றினால் நிலையாக இருக்கும் என்று தோன்றும். செய்யாதீர்கள், வண்டியின் அதிர்வு நேராகக் கேமராவுக்குள் வந்துவிடும். பின்கம்பியில் கையை முட்டுக் கொடுப்பதும் அப்படித்தான். தொடையால் சீட்டை இறுக்கிக்கொண்டு, முழங்கைகளை விலாவோடு லேசாகச் சேர்த்து, கைகள் மிதப்பது போல வைத்துக்கொள்ள வேண்டும். என் கணவர் வேகத்தடை வந்தால் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். சில நாள் மறந்துவிடுவார். அந்தப் படங்களில் வானம் மட்டும் இருக்கும்.

ஒரே ஒரு சமயத்தில் மட்டும் ஷட்டரை வேண்டுமென்றே குறைப்பேன். இன்னொரு வண்டி எங்களுக்கு இணையாக, அதே வேகத்தில் வரும்போது 1/60. இரண்டு வண்டிக்கும் இடையே வேக வித்தியாசம் இல்லை, அதனால் அந்த வண்டி அசையாமல் நிற்கும். சக்கரக் கம்பிகளும் சாலையும் பின்னாலுள்ள மரங்களும் கோடாக ஓடும். பத்துக்கு எட்டு வீணாகும், மீதி இரண்டு போதும்.

* * *

நான் நாலாவது ஆள், சின்னதாக ஒன்று. போனையே ஹேண்டில்பாரில் மாட்டி எடுக்கலாமே என்று நினைப்பவர்களுக்கு. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஒரு எச்சரிக்கை வெளியிட்டது: அதிக சக்தியுள்ள மோட்டார்சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகத் தொடர்ந்து போனுக்குப் போனால், கேமராவின் நடுக்கம் குறைக்கும் அமைப்பும் ஆட்டோ ஃபோகஸும் கெடலாம் என்று. உள்ளே லென்ஸ் காந்தத்தால் நகர்கிற அமைப்பு, அதுதான் காரணம். இந்த அமைப்பு உள்ள எந்தப் போனுக்கும் இதை யோசிக்கலாம். மாட்டியே ஆக வேண்டும் என்றால் அதிர்வை உறிஞ்சும் ரப்பர் மவுண்ட் போடுங்கள்.

இன்னொன்று, எஞ்சின் 4,000 ஆர்பிஎம்மில் சுழன்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 67 தடவை உதறல். மனிதக் கை நடுக்கம் வினாடிக்குப் பத்து சொச்சம்தான். கேமராவில் இருக்கும் நடுக்கம் குறைக்கும் வசதி கைக்காகச் செய்தது, எஞ்சினுக்காக அல்ல. ஷட்டர் 1/1000-ஐவிட வேகமாக இருந்தால் அதை நான் அணைத்தே விடுகிறேன்.

* * *

360 டிகிரி கேமரா பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒரு வருடம் வைத்திருந்தேன். எந்தப் பக்கம் திருப்புவது என்ற கவலையே இல்லை, பிறகு வேண்டிய கோணத்தை வெட்டிக்கொள்ளலாம், நம்மையும் வண்டியையும் சேர்த்துக் காட்டும். ஆனால் தெளிவு வேண்டுமென்றால் கணக்கு உதைக்கிறது. 8கே என்றால் 7,680 பிக்சல், அது சுற்றியுள்ள 360 டிகிரிக்கும் சேர்த்து. அதில் 90 டிகிரியை வெட்டினால் கையில் மிஞ்சுவது 1,920 பிக்சல் அகலம். போன் திரையில் பார்க்க நன்றாக இருக்கும், சுவரில் மாட்ட ஆகாது. விற்றுவிட்டேன்.

* * *

முதலில் எழுதியவன்தான். ஹெல்மெட் போட்டுப் பார்த்து வாங்கச் சொன்ன அக்காவுக்குப் பெரிய கும்பிடு, எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒன்றை மேலே எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். முதல் வருடம் ஒருநாள், அப்போதுதான் எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கி, தெளிவாக இருக்கிறதா என்று ஓட்டிக்கொண்டே பார்த்தேன். இரண்டு வினாடிதான் இருக்கும். நிமிர்ந்தபோது முன்னால் போன வண்டி நின்றிருந்தது. ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினேன். அன்றிலிருந்து ஓடும்போது திரை அணைந்தே இருக்கும். உத்தேசமாகக் கேமராவை நீட்டி அழுத்துவதோடு சரி. அகலமான லென்ஸ் என்பதால் வீட்டில் வந்து வெட்டிக்கொள்கிறேன். வளைவிலும் நெரிசலிலும் கேமராவைத் தொடுவதே இல்லை.

லென்ஸைத் துடைக்கவும் மறக்காதீர்கள். பூச்சி ஒன்று அடித்து அப்பிக்கொண்டது தெரியாமல் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பனிமூட்டமாக எடுத்துவிட்டு, ஃபோகஸ் கெட்டுவிட்டதென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இன்னும் கைகூடாதது பின்பார்வைக் கண்ணாடிப் படம். பின்னால் அதே வேகத்தில் வருகிற லாரி கண்ணாடிக்குள் அழகாகத் தெரியும், ஆனால் கண்ணாடி எஞ்சினோடு சேர்ந்து உதறுவதால் 1/2000-இலும் கலங்கிவிடுகிறது. போன வாரம் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுசாக விட்டபோது கண்ணாடி ஒரு கணம் அடங்கியது, அப்போது எடுத்த ஒரே படத்தில் லாரியின் நம்பர் பிளேட்டை இடவலம் மாறியபடியே படிக்க முடிந்தது. அதற்கப்புறம் அப்படி ஒன்று வரவில்லை. கண்ணாடித் தண்டுக்கு எடை கட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?