புதுப்பிப்பு: பிளாஸ்டிக் சுவிட்சுக்கு எர்த் வயர் தேவையா?

மாடி அறைக்குப் புதிதாக வயரிங் செய்யும்போது பிளாஸ்டிக் லைட் சுவிட்சுக்கும் எர்த் வயர் இழுக்க வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது வேலை முடிந்துவிட்டது.

சுவிட்சில் எர்த் இணைக்க முனையே இல்லை. கை படும் பகுதி முழுவதும் மின்சாரத்தைக் கடத்தாத பொருள் என்பதால் அதற்குத் தேவையும் இல்லை. ஆனால் எங்கள் சுவரில் பதித்திருப்பது இரும்புப் பெட்டி. உள்ளே மின்சாரம் வரும் ஃபேஸ் வயரின் உறை பெட்டியின் விளிம்பில் உரசித் தேய்ந்தால், பிளேட்டை இறுக்கும் திருகாணியின் தலைவரை மின்சாரம் வந்துவிடும். எனவே பச்சை நிற எர்த் வயரைப் பெட்டியின் எர்த் திருகில் இறுக்கச் சொன்னேன். முப்பது மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) இருக்கிறதே, பிறகு எதற்கு என்று எலக்ட்ரீசியன் கேட்டார். எர்த் இருந்தால் கசிவு ஏற்பட்டதுமே ஆர்சிசிபி விழுந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இல்லாவிட்டால் யாராவது தொட்டு, அவர் உடல் வழியாக மின்சாரம் பாய்ந்த பிறகுதான் விழும் என்பதை விளக்கியபின் ஒப்புக்கொண்டார்.

பெட்டியும் பிளாஸ்டிக்காக இருப்பவர்கள் எர்த் வயரை வெட்டி எறியாமல், கனெக்டரில் முடித்து உள்ளேயே விட்டுவையுங்கள். பின்னாளில் உலோக பிளேட் மாட்டினால் அது அவசியமாகிவிடும். உலோக உடல் கொண்ட விளக்குக்கும் மின்விசிறிக்கும் எர்த் இப்போதே போயாக வேண்டும்.