வெளிநாட்டுக் கைபேசியின் பூட்டைத் திறந்த அனுபவம் உண்டா?

அனுப்பானடி வாசகர்:
டல்லாஸிலிருந்து வந்த மச்சான் தன் பழைய ஐபோனை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நம் ஊர் சிம்மை அது ஏற்கவில்லை. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன். "அமெரிக்க சிம் கம்பெனி லாக் போட்டிருக்கிறான் அண்ணே. நம்பரை மாற்றிவிட்டால் சரியாகிவிடும்" என்றார் கடைத் தம்பி. எந்த நம்பர் என்றேன். *#06# அழுத்தி, திரையில் வந்த 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தக் கைபேசிக்கே உரிய அடையாள எண்ணை, விரலால் தொட்டுக் காட்டினார். பேசாமல் கைபேசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சிம் பூட்டைத் திறப்பது வேறு, அந்த எண்ணில் கை வைப்பது வேறு. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி ஐஎம்இஐ எண்ணைத் திருத்தினால் மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விவரம் தெரியாத பிள்ளைகள் இதைச் சாதாரண ரிப்பேர் வேலை போலச் செய்துகொடுப்பதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

மச்சானோ, பூட்டைத் திறப்பதே அங்கே குற்றமாயிற்றே என்று பதறினார். அது பழைய கதை. 2013 ஜனவரி முதல், கம்பெனியின் சம்மதமில்லாமல் புதிய கைபேசியைத் திறப்பது அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி தவறாக இருந்தது உண்மை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு வெள்ளை மாளிகைக்கு மனு அனுப்பினார்கள். 2014 ஆகஸ்டில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்தத் தடையை நீக்கியது. முழுப் பணமும் கொடுத்து வாங்கிய பொருளில் எந்த சிம்மைப் போடுவது என்பது வாங்கியவர் உரிமை. அதற்காக அந்த மக்கள் போராடியது நியாயம்தான்.

மச்சானுக்குத் தவணை பாக்கி இருந்தது, அவ்வளவுதான். அதைக் கட்டிவிட்டு விண்ணப்பித்தார், கம்பெனியே திறந்துவிட்டது. இப்போது அமைப்புகளில் 'கேரியர் லாக்' என்ற இடத்தில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருக்கிறது. அம்மா பேசிக்கொண்டிருக்கிறார்.

உசிலம்பட்டி வாசகர்:
என் மகன் 2022-இல் லீட்ஸில் வாங்கிய கைபேசியில் இந்தத் தொல்லையே இல்லை. பூட்டிய கைபேசிகளை விற்கக் கூடாது என்று பிரிட்டனில் 2021 டிசம்பரிலேயே தடை வந்துவிட்டது. கனடாவில் 2017 முதலே அப்படித்தான்.

மேலூர் வாசகர்:
பழைய கைபேசி வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன், ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று தட்டி, இடம் விட்டு, ஐஎம்இஐ எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எண் முடக்கப்பட்டதா என்பது பதிலில் வந்துவிடும். கடைக்காரர் முன்னாலேயே அனுப்புங்கள், சங்கடப்பட வேண்டாம்.