"20% கையில இருந்தா போதும்": எந்தத் தொகையில 20%?

வேளச்சேரியில் தங்கச்சிக்காக ஒரு ரீசேல் ஃபிளாட் பார்த்தோம். பேசி முடித்த விலை 60 லட்சம். "20% கையில இருந்தா போதும் சார், மீதிய பேங்க் பார்த்துக்கும்" என்றார் புரோக்கர். தங்கச்சியிடம் 12 லட்சம் இருந்தது. டோக்கன் (முன்பணம்) கொடுக்கும் முன் வங்கிக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம் என்றேன்.

லோன் செக்‌ஷனில் இருந்த அம்மா ஒரு தாளை எடுத்துப் போட்டுக் காட்டினார். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், வீட்டு மதிப்பில் 80%-ஐத் தாண்டக் கூடாது. நாம் பேசிய விலை, வங்கியின் வேல்யூவர் (மதிப்பீட்டாளர்) போடும் விலை, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் அந்த 80%. "வேல்யூவர் 55 போட்டார்னா லோன் 44 தான்மா" என்றார். அப்போதே கைக்காசு 12 இல்லை, 16 லட்சம்.

அதோடு முடியவில்லை. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 60 லட்சத்துக்கு 5,40,000 ரூபாய். கடன் கணக்கில் இது சேராது. ஆக 21 லட்சத்து 40 ஆயிரம். அதாவது பேசிய விலையில் கிட்டத்தட்ட 36%! தங்கச்சி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 20% என்று வாய் கூசாமல் சொல்பவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

அதன் பிறகே டோக்கன் கொடுத்தோம். கடன் குறைந்தால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கினோம். வீட்டு விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1% டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) உண்டு. அது கூடுதல் செலவில்லை, விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்தே பிடித்துக் கட்டுவது.

—

(பதிவைப் படித்த ஒரு வாசகி எழுதியது) அண்ணா, எங்களுடையது புது ஃபிளாட், தாம்பரம் பக்கம், 50 லட்சம். புக்கிங்குக்கே பில்டர் தரப்பில் 10 லட்சம் கேட்டார்கள். 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 13-ஆம் பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10%-க்கு மேல் வாங்கக் கூடாது. அதைப் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்தார் என் வீட்டுக்காரர். "எல்லாரும் கட்டுறாங்களே மேடம்" என்று என்னிடம் இழுத்தார்கள். 5 லட்சம் மட்டும் கட்டினோம். ஒப்பந்தம் பதிவான பிறகுதான் அடுத்த செக்.