டாம் லேரர் போயிட்டார், அவர் பாட்டு உங்களுக்கு எப்படி வந்து சேர்ந்துச்சு?

ஆய்வகப்பூனை:

மக்களே, டாம் லேரர் இறந்துட்டார். 2025 ஜூலை 26, மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜ்ல அவரோட வீட்லயே. 97 வயசு. இவ்ளோ வயசான மனுஷன் போனதுக்கு நீ ஏன் இப்படி உடைஞ்சு உக்காந்திருக்கன்னு ரூம்மேட் கேக்குறான், அவனுக்கு விளக்கிச் சொல்ல வாய் வரல, அதான் இங்க வந்துட்டேன்.

பேரு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். அமெரிக்காவுல நையாண்டிப் பாட்டு எழுதிப் பாடுனவர், 15 வயசுல ஹார்வர்டுல சேர்ந்து 18 வயசுல கணக்குல டிகிரி முடிச்சவர். பியானோ முன்னாடி உக்காந்து தானே எழுதி தானே மெட்டுப் போட்டு தானே பாடுவாரு, மெட்டு மட்டும் கேட்டா வசந்தகாலக் காதல் பாட்டு மாதிரி இனிமையா போகும், வரியக் கவனிச்சா ஜோடியா பார்க்குக்குப் போயி புறாவுக்கு விஷம் வைக்கிறதப் பத்தி இருக்கும். 1953ல சொந்தக் காசு 15 டாலர் குடுத்து பாஸ்டன் ஸ்டூடியோ ஒண்ணுல ஒரே மூச்சா பாடிப் பதிவு பண்ணி 400 ரெக்கார்டு போட்டாரு. காலேஜ் பசங்களுக்கு வித்துடலாம்னுதான் நினைப்பு. அதுக்கப்புறம் லீவுக்கு ஊருக்குப் போன பசங்க வீட்ல போட்டுக் காட்ட, தபால்ல ஆர்டர் வர ஆரம்பிச்சு, விளம்பரம் இல்லாம, பெரிய கம்பெனி இல்லாம, வாய்வழியாவே பரவி லட்சக்கணக்குல வித்துச்சு.

எனக்கு ஒரு லேப் சீனியர் மூலமா வந்துச்சு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு மெஷின் ஓடி முடியுற வரைக்கும் வேற வேலை இல்ல, அவரு ஸ்பீக்கர்ல போட்டு விடுவாரு. புது ஊரு, பேச ஆளில்ல, பனி வேற. வேற எந்த நாட்டு நகைச்சுவையும் எனக்கு அப்படி உடனே ஒட்டுனதில்ல. உங்களுக்கு எப்படி வந்துச்சு, சொல்லுங்க.

மதுரை கெமிஸ்ட்ரி டீச்சர்:

ஐயோ, உங்க பதிவப் பாத்துத்தான் எனக்கே தெரியுது. மனசு ரொம்ப கஷ்டமா இருக்குப்பா.

ஹாரி பாட்டர் படத்துல நடிச்ச டேனியல் ராட்கிளிஃப் 2010ல ஒரு டிவி ஷோவுல தனிமங்களோட பேரையெல்லாம் மூச்சு விடாம பாடுனார்ல, என் பையன் அந்த வீடியோவ காட்டுனான், இது யார் எழுதுனதுன்னு தேடிப் போய்த்தான் இவர்கிட்ட வந்து சேர்ந்தேன். மெட்டு இவரோடது இல்ல, 1879ல வந்த ஒரு இங்கிலீஷ் காமிக் ஓபராவுக்கு சல்லிவன் போட்டது, வேகவேகமா சொல்ற மாதிரி மெட்டு. அதுல அன்னைக்குத் தெரிஞ்ச 102 தனிமத்தையும் இவரு உக்கார வச்சிருக்காரு. அணு எண் வரிசைல இல்ல, அதத்தான் கவனிக்கணும். சந்தத்துக்கு எது பொருந்துமோ அதப் பக்கத்துல வச்சு அடுக்கிருக்காரு. பாதிக்கு மேல பேரு "இயம்"னு முடியுறதால இயைபு தானா விழுது, ஆனா ரெண்டெழுத்து மூணெழுத்துப் பேரெல்லாம் இடையில எங்க வரணும்ங்கிறதுலதான் அந்த மனுஷனோட மூளை தெரியும். நம்ம ஊர்ல சந்தப்பாட்டு எழுதுறவங்க கேட்டா எழுந்து நின்னு கைதட்டுவாங்க.

எங்க ஸ்கூல் பிளஸ் ஒன் பிள்ளைங்க நிறைய பேர் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷ் பேரப் பாத்தாலே வாயத் திறக்க மாட்டாங்க, தப்பாச் சொல்லிட்டா யாராச்சும் சிரிப்பாங்கன்னு பயம். இந்தப் பாட்ட மெதுவா ஓட விட்டு கூடவே பாடச் சொன்னேன், பாட்டுல எல்லாருமே தடுக்கி விழுவாங்க, பாடத்துல நல்லா படிக்கிற பிள்ளையும் விழும், அதனால யாருக்கும் கூச்சமே இல்லாமப் போச்சு. ஒரு பொண்ணு, அதுவரைக்கும் வகுப்புல சத்தமே கேட்டதில்ல, "மிஸ் இதுல 102தான இருக்கு, சார்ட்ல 118 இருக்கே"ன்னு கேட்டா. பாட்டோட கடைசியிலயே அதுக்கு பதில் இருக்கு, ஹார்வர்டுக்குச் சேதி வந்து சேந்தது இவ்வளவுதான், இன்னும் கண்டுபிடிக்காதது எவ்வளவோ இருக்கலாம்ங்கிற மாதிரி முடிச்சிருப்பாரு. அன்னைக்கு மிச்ச 16ம் நடத்துனோம், லாரன்சியத்துல ஆரம்பிச்சு ஒகனெசான் வரைக்கும். அந்த பீரியட எனக்கு மறக்கவே முடியாது.

கணக்குக்காரன்:

டீச்சர் சொன்னதோட நான் கணக்குப் பாட்ட சேத்துக்குறேன். அறுபதுகள்ல அமெரிக்காவுல பள்ளிக்கூடத்துல புதுக் கணக்குன்னு கொண்டு வந்து அப்பா அம்மாவுக்கெல்லாம் தலை சுத்துன நேரம். இவரு 342ல இருந்து 173 கழிக்கிறத படிப்படியா பாடிக் காட்டுவாரு, விடை 169. அப்புறம் அதே கணக்க எட்டடிமான எண்ல, அதாவது பத்து பத்தா இல்லாம எட்டு எட்டா எண்ணுற முறைல போடுவாரு, அதுல விடை 147. நான் பேப்பர்ல போட்டுப் பாத்தேன், கரெக்டா 147. ஜனங்க வயித்தப் பிடிச்சிட்டு சிரிச்சிட்டிருக்கும்போது நடுவுல ஒரு உண்மையான கழித்தல் பிழையில்லாம நடந்து முடிஞ்சிருக்கு! எனக்கு இவர்மேல மரியாதை வந்த இடம் இதுதான். ஜோக்குதானேன்னு கணக்க எங்கயும் விட்டுக் குடுக்கல.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். ஐம்பதுகள்ல ராணுவ சேவைக்குப் போனப்ப இவரு என்எஸ்ஏல, அதான் அமெரிக்காவோட தேசியப் பாதுகாப்பு முகமைல வேல பாத்தாரு. அங்க 1957ல சூதாட்டத்துல ஒருத்தன் ஓட்டாண்டியாகுறதோட நிகழ்தகவு பத்தி இன்னொருத்தரோட சேந்து ஒரு கட்டுரை எழுதுனாரு. அதோட மேற்கோள் பட்டியல்ல லோபசேவ்ஸ்கிங்கிற பழைய ரஷ்யக் கணித மேதை எழுதுனதா, இன்னும் வெளிவராததுன்னு ஒரு நீளமான தலைப்பு இருக்கும். அப்படி ஒரு கட்டுரையே கிடையாது, அது இவரோட லோபசேவ்ஸ்கி பாட்டுலயே வர்ற தலைப்பு! பல வருஷம் யாரும் கண்டுக்கல. நான் மாஸ்டர்ஸ் தீசிஸ்ல முங்கிக் கிடந்தப்ப இதப் படிச்சேன், எனக்கு அந்த வாரமே லேசாயிடுச்சு.

லண்டன் அண்ணை:

தம்பிமார், தங்கச்சிமார், நீங்கள் எல்லாரும் விஞ்ஞானப் பாட்டுகளைப் பற்றிக் கதைக்கிறியள், நல்லது, ஆனா எனக்கு அவரின்ட அரசியல் பாட்டுகள்தான் முதல்.

நான் இஞ்ச வந்த புதுசில, 1980ஆம் ஆண்டு, அவரின்ட பாட்டுகளை மட்டும் கோத்து ஒரு மேடை நிகழ்ச்சி லண்டனில ஓடினது, கமரன் மக்கின்ரொஷ் தயாரிச்சது. வேலை செய்யிற இடத்தில ஒரு வெள்ளைக்கார அம்மா மிச்சமா இருந்த டிக்கட் ஒண்டைத் தந்தவ. பாதிப் பகிடி விளங்கேல்ல. பிறகு அவவிட்ட இருந்து ரெக்கோர்ட் வாங்கிக் கேட்டுக் கேட்டுத்தான் விளங்கினது. ஐம்பதுகளில பிபிசி அவரின்ட முதல் ரெக்கோர்டில இருந்த 12 பாட்டில 10 பாட்டைத் தடை செய்தது எண்டும் அவதான் சொன்னவ.

83 ஆடிக்குப் பிறகு எனக்குச் சிரிப்பே வராது. வீட்டில இருந்து கடிதம் வராது, ரேடியோவுக்குப் பக்கத்திலயே இருக்கிறது. அப்ப ஒருநாள் அவரின்ட 1965 ரெக்கோர்டைப் போட்டன். அமெரிக்காவில சகோதரத்துவ வாரம் எண்டு ஒண்டு கொண்டாடுவினமாம், ஒருத்தரை ஒருத்தர் வெறுக்கிற சனம் எல்லாம் அந்த ஒரு கிழமைக்கு மட்டும் கைகுலுக்கிக் கொண்டு நிக்கிறதை அந்தப் பாட்டில சொல்லுவார். எங்கட நாட்டில எத்தினை மேடையில எத்தினை கைகுலுக்கலைப் பாத்தனாங்கள்! நான் கனகாலத்துக்குப் பிறகு சத்தமாச் சிரிச்சன், சிரிச்சுப் போட்டு அழுதன். அந்த மனுசனுக்கு யாழ்ப்பாணம் எண்டு ஒரு இடம் இருக்கிறதே தெரிஞ்சிருக்காது. ஆனா எனக்கு அவர் எங்கட ஆள்தான்.

அணுகுண்டுப் பாட்டுகளும் அப்பிடித்தான். எல்லாரும் ஒண்டாப் போயிடுவம், அழுறதுக்கு ஆள் மிஞ்சாது எண்டு குதூகலமாப் பாடுவார். ஒரு தலைமுறையின்ட பயம் முழுக்க அதுக்குள்ள இருக்கு.

பொள்ளாச்சி டு சான்டா குரூஸ்:

அண்ணா, படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேனுங்க.

நான் தொண்ணூறுகள் கடைசில யூசி சான்டா குரூஸ்ல, கலிபோர்னியா யுனிவர்சிட்டிங்க, அங்க படிச்சேன். லேரர் அங்க 1972லருந்து 2001 வரைக்கும் பாடம் எடுத்தாரு, கணக்குப் பாடம் எடுக்காத பசங்களுக்கு ஒரு கணக்கு வகுப்பு, அப்புறம் அமெரிக்க மியூசிக்கல் நாடகங்களப் பத்தி ஒரு வகுப்பு. என்னோட வீட்ல குடியிருந்த ஒரு பொண்ணு அந்த ரெண்டாவது வகுப்புல இருந்துச்சு. அதுல பசங்களே பாடி நடிக்கணும்ங்க, அவரு பியானோ வாசிப்பாரு. அந்தப் பொண்ணு சமையக்கட்டுல நின்னு ஒத்திகை பாக்கும், எனக்கு அந்தப் பழைய பிராட்வே பாட்டெல்லாம் இன்னைக்கும் வாயில வருது. இவ்ளோ பெரிய பேரு இருந்தும், மேடையே வேண்டாம்னு வந்து பதினெட்டு வயசுப் பசங்களுக்கு வாத்தியாரா இத்தன வருசம் இருந்திருக்காரே, அதுதான் எனக்கு ரொம்பப் பெருசாத் தெரியுது.

புது ஆள்:

அமெரிக்க வெளியுறவு அமைச்சரா இருந்த கிஸ்ஸிங்கருக்கு அமைதி நோபல் குடுத்த கோவத்துல பாடுறதையே விட்டுட்டாருன்னு இன்னைக்கு நாலஞ்சு இடத்துல படிச்சேன், உண்மையா?

ஆய்வகப்பூனை:

இல்லைங்க. அந்தப் பரிசுக்கப்புறம் அரசியல் நையாண்டிக்கு வேலையே இல்லாமப் போச்சுன்னு அவர் சொன்னது உண்மை, ஆனா அந்த நோபல் 1973ல, அவர் அதுக்கு முன்னாடியே மேடைய விட்டு விலகிட்டாரு. மொத்தம் எழுதுனதே 37 பாட்டு, மேடை ஏறுனது 109 தடவைன்னு அவரே கணக்குச் சொல்லிருக்காரு. எழுபதுகள்ல குழந்தைங்களுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்ட சொல்லிக் குடுக்குற டிவி நிகழ்ச்சிக்கு சில பாட்டு எழுதுனாரு, அவ்ளோதான்.

இத விட்டுட்டு இரங்கல் எழுதுறவங்களப் பாத்தா எனக்கு ஆத்திரமா வருது: 2020ல வரிகளையெல்லாம், 2022ல மெட்டு, ரெக்கார்டிங் உட்பட மிச்ச எல்லாத்தையும் பொதுச்சொத்தா எழுதிக் குடுத்துட்டாரு. யாரு வேணா பாடலாம், மாத்தலாம், விக்கலாம், எனக்குக் காசு அனுப்பாதீங்கன்னு தன்னோட தளத்துலயே போட்டுட்டாரு. ஒரு பாட்டோட ராயல்டிக்கு கோர்ட்டு படியேறுற காலத்துல, உயிரோட இருக்கும்போதே கைய விட்டுட்டாரு மனுஷன்.

மதுரை கெமிஸ்ட்ரி டீச்சர்:

அப்போ ஆண்டு விழாவுல பிள்ளைங்க மேடைல பாடலாமா? தமிழ்ல நாங்களே வரி எழுதி? யார்கிட்டயும் கடிதம் வாங்க வேண்டாமா?

ஆய்வகப்பூனை:

தாராளமா டீச்சர். தனிமப் பாட்டோட மெட்டு எப்பவோ பொதுவானது, வரிய அவரே குடுத்துட்டாரு. மாத்திப் பாடுங்க, அந்த 16ம் சேத்துப் பாடுங்க.

புது ஆள்:

சரி, ஒண்ணுமே கேக்காதவன் எதுல ஆரம்பிக்கணும்?

லண்டன் அண்ணை:

1965 ரெக்கோர்ட் தம்பி. சான் பிரான்சிஸ்கோவில சனத்துக்கு முன்னால பாடினது, பாட்டுக்கு இடையில அவர் கதைக்கிறதையும் விடாமக் கேளும். முதல் தரம் வரி விளங்காட்டிலும் பரவாயில்ல, ரெண்டாம் தரம் போடும்.