இழை: ரீகேப்பிடுலேஷனுக்குத் தமிழ் என்ன?

கொழும்பிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். தமிழ்மொழி மூல மாணவர்களுக்கு மேலைத்தேய சங்கீதக் குறிப்பு ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எடுத்துக்கொண்டது மொசார்ட்டின் சி மேஜர் பியானோ சொனாட்டா, கே. 545 (அவர் படைப்புகளுக்குப் பின்னாளில் கொய்ஹெல் இட்ட வரிசை எண்), முதல் பகுதி. 1788 ஜூன் 26 அன்று, தொடக்கநிலையாளருக்கான சிறு சொனாட்டா என்று தன் பட்டியலில் அவரே குறித்துவைத்தது. கருப்பொருள்களை, அதாவது முக்கிய மெட்டுகளை, அறிமுகப்படுத்தும் எக்ஸ்பொசிஷனை 'முன்வைப்பு', அவற்றை வளர்த்து மாற்றிப் பார்க்கும் டெவலப்மென்ட்டை 'விரிப்பு' என்று எழுதிவிட்டேன். அந்தக் கருப்பொருள்கள் திரும்பி வரும் மூன்றாம் பிரிவான ரீகேப்பிடுலேஷனில் நிற்கிறேன். 'மீட்டல்' போடலாமென்றால், இங்கே பிள்ளைகளுக்கு மீட்டல் என்பது பரீட்சைக்கு முன் பாடத்தைத் திரும்பப் படிப்பது.

மதுரையிலிருந்து:
புதிதாக எதற்கு? கீர்த்தனையின் பல்லவி, அனுபல்லவி, சரணத்துக்கு எடுப்பு, தொடுப்பு, முடிப்பு இருக்கின்றனவே. 'முடிப்பு' போதும். மீட்டலையும் அவ்வளவு லேசில் தள்ளாதீர்கள். மீள்வது தன்வினை, மீட்பது பிறவினை. அடகு நகையை மீட்கிறோம், வீணையை மீட்டுகிறோம். இழுத்த நரம்பு தன் இடத்துக்கு மீள்வதால் வந்த சொல் என்பது என் ஊகம். வீரனைக் குறிக்கும் சங்கப் பாட்டின் 'மீளி'யையும் இதோடு சேர்க்க இடமுண்டு. அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

டொராண்டோவிலிருந்து:
ஐயா, மீளியைப் பிறகு பார்ப்போம். கீர்த்தனையில் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பினாலும் ஆதார சுருதி அதேதான். இங்கே முன்வைப்பில் இரண்டாம் கருப்பொருள் ஜி மேஜரில் ஒலிக்கிறது. பிறகு அதுவும் சி மேஜருக்கு வந்து சேர வேண்டும். அந்தச் சுருதிப் பிணக்கு தீர்வதுதான் இந்த வடிவத்துக்கு உயிர். அதனால் 'தாய்ச்சுருதி மீட்சி'.

கொழும்பிலிருந்து:
அக்கா, நல்ல சொல்தான். ஆனால் இந்தச் சொனாட்டாவே அதன் காலை வாருகிறது. 42ஆம் பாரில் (தாளக் கட்டத்தில்) முதல் கருப்பொருள் திரும்புவது எஃப் மேஜரில். ஆள் வந்தாயிற்று, சுருதி வரவில்லை. அப்புறம் வலக்கையில் இருந்த ஸ்கேல் ஓட்டம் இடக்கைக்கும் போய், நான்கு பார் கூடுதலாக நீண்டு, 59இல் இரண்டாம் கருப்பொருள் வரும்போதுதான் சி மேஜரில் நிற்கிறோம். முன்வைப்பு 28 பார், இது 32. எஃப் மேஜர் தொடக்கத்தின் தலையில் 'தாய்ச்சுருதி மீட்சி' என்று எப்படி எழுதுவது?

கோவையிலிருந்து:
அப்படியானால் இது மடக்கு! தண்டியலங்காரத்தைத் திறந்து பாருங்கள். வந்த எழுத்தே வரும், பொருள் வேறாகும். இங்கே வந்த கருப்பொருளே வருகிறது, சுருதி வேறு. சுருதி என்பதும் வடசொல். சுருதி மாற்றத்தைப் 'பண்ணுப்பெயர்ப்பு' என்று எழுதினால் குறிப்பு முழுவதும் தமிழாக நிற்கும்.

டொராண்டோவிலிருந்து:
பண்ணுப்பெயர்ப்பு இங்கே நேர் எதிர். அதில் சுரங்கள் இருந்த இடத்தில் இருக்க, எதைக் குரலாக, அதாவது ஆதார சுரமாக, கொள்கிறோம் என்பது மாறி, வேறு பண் பிறக்கிறது. மொசார்ட் மேஜரை மேஜராகவே வேறு சுரத்துக்குத் தூக்கிச் செல்கிறார். பிள்ளைகள் பின்னாளில் கர்நாடக இசையில் இதே முறையான கிரகபேதம் படிக்கும்போது இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். மடக்கு அழகு, ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மடக்கு என்றால் ஒரு மடக்குத் தண்ணீர். தாய்ச்சுருதியை நான் விட்டுவிடுகிறேன். 'மீள்வரவு' போதும். திரும்பி வருவது கருப்பொருள், எந்தச் சுருதியில் என்பதை உரையில் சொல்லிக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்து:
மீள்வரவுக்கு என் ஆதரவும். மீளி பற்றிய மடல் நாளை.

கோவையிலிருந்து:
மறுகுறிப்பு அடையாளம் போட்டு முன்வைப்பையே இரண்டாம் முறை வாசிக்கிறார்களே, அதுவும் மீள்வரவுதானே? மடக்கில் இந்தக் குழப்பம் வராது. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து:
பதிந்தேன் ஐயா. அதற்கு 'மறுவாசிப்பு' என்று வைத்திருக்கிறேன், அதுவும் பிடிக்காது என்று தெரியும். மீள்வரவு அச்சுக்குப் போகிறது. அடுத்து, இசையை முடித்துவைக்கும் வால் பிரிவான கோடா. ஒலிபெயர்க்கலாம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். இலங்கையில் கோடா என்றால் கசிப்பு காய்ச்சும் ஊறல். பக்கத்துக்குப் பக்கம் ஏற்கெனவே பார் இருக்கிறது.