புதுப்பிப்பு: ஏற்காட்டிலிருந்து ட்ரோம்சோவுக்கு அரோரா கணிப்பு

நார்வேயின் ட்ரோம்சோவில் படிக்கும் தம்பிக்கு, அரோரா (துருவப் பகுதிகளில் இரவு வானில் தோன்றும் வண்ண ஒளி) எப்போது தெரியும் என்று ஏற்காட்டில் இருந்தே சொல்ல முடியுமா என முன்பு கேட்டிருந்தேன். முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"கேபி எண்ணை விடுங்க, பிஇசட் பாருங்க" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. கேபி என்பது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்குகிறது என்று காட்டும் எண்; பிஇசட் என்பது சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வரும் துகள் ஓட்டம்) காந்தப்புலம் வடக்கு-தெற்காக எப்படி இருக்கிறது என்று காட்டும் அளவு, தெற்கு என்றால் மைனஸ். பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கும் செயற்கைக்கோள்கள் இதை அளக்கின்றன. பிஇசட் மைனஸில் இறங்கி அங்கேயே நின்றால் அரோராவுக்கு வாய்ப்பு அதிகம்; பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் காற்று பூமியைத் தொட்டுவிடும். இங்கே அதிகாலை இரண்டரை, அங்கே இரவு பத்து. வரைபடத்தில் பிஇசட் கோடு மைனஸ் 8-க்கு இறங்கி அசையாமல் நின்றது. "உடனே வெளியே போடா" என்று செய்தி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே பச்சைத் திரை விரிந்த படம் வந்தது. அவ்வளவு அழகு!

எதிர்பாராத விஷயம், அன்றைய கேபி கணிப்பு வெறும் 2. துருவத்தைச் சுற்றி அரோரா தோன்றும் வளையத்தின் கீழேயே ட்ரோம்சோ இருப்பதால் அதுவே போதும். மேகம்தான் பெரிய தடை, அதைத் தனியாகப் பாருங்கள்.

அப்புறம், சேர்வராயன் மலையிலிருந்து தெரியுமா என்ற கேள்வி. வாய்ப்பில்லை. 2024 மே மாதப் பெரும் காந்தப்புயலில் லடாக்கின் ஹான்லேயில் சிவப்பொளி கேமராவில் பதிவானது. நாமோ காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம்.